பக்கத்து வீட்டுச் சுத்தியல்

"சாவு விழுந்து ஒரு மாசம்கூட ஆகல. கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமாய்யா?"

குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி டிரைவர் வீட்டு வாசலில் நின்றே சத்தம் போட்டார். அந்தக் கட்டடத்தில் எந்த வம்புக்கும் அவர்தான் பஞ்சாயத்து.

டிரைவர் கையில் சுத்தியலோடு வந்து நின்றார். பஸ் ஓட்டிவிட்டு வந்த காக்கிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"பின்னறையில சின்னதா ஒரு பட்டறை சார். சாமான் வைக்க சுவர்ல அலமாரி..."

"அதுக்கு அந்தச் சுவர்தான் கிடைச்சுதா? அந்தப் பக்கம் புருஷனைப் பறிகொடுத்துட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கா. சாயங்காலமானா அவ காதுகிட்ட டொக்கு டொக்குன்னு..."

டிரைவர் சுத்தியலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நடையில் சாத்தியிருந்த பலகைகள் அப்போதுதான் செக்ரட்டரியின் கண்ணில் பட்டன. பாதிக் கதவு, பிளைவுட் துண்டுகள், ஒரு கட்டில் சட்டம்.

"இது செத்துப்போன மெக்கானிக்கோட பலகைதானே?"

"ஆமா சார். அவர் வீட்ல மரவேலை பார்த்ததுல மிச்சமிருந்தது."

"சரிதான். ஆள் போனதும் அள்ளிட்டு வந்தாச்சு! இத பாருங்க, நாளையிலேருந்து சத்தம் கேட்கக் கூடாது."

"இன்னும் கொஞ்ச நாள் சார்..."

செக்ரட்டரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மெக்கானிக்கின் மனைவி கதவைத் திறந்துவிட்டு, மறுபடி பின்னறைச் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிலும் மனம் ஒட்டாமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. மீதியை நான் பார்த்துக்கறேன். எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கிட்டு..."

டொக். டொக். டொக்.

"பார்த்தியா! இப்பதான் சொல்லிட்டு வரேன், எவ்வளவு திமிரு!"

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தலைப்பை முறுக்கிய விரல்கள் நின்றன.

"திட்டாதீங்க அண்ணே. அவரைக் கூப்பிட்டுப் பலகையைக் கொடுத்ததே நான்தான்."

"நீயா?"

"என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தச் சத்தத்துக்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கேன்! இந்த ரூம்லதான் தினமும் எதையாவது தட்டிக்கிட்டே இருப்பார். போனப்புறம் சாயங்காலமானா வீடு சத்தமில்லாம கிடக்கிற கிடையில மூச்சு முட்டுச்சு. அந்தப் பக்கம் முதல்ல சுத்தியல் சத்தம் கேட்ட அன்னிக்குத்தான் எழுந்து அடுப்பையே பத்த வச்சேன்."

செக்ரட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரிம்மா... ஆனா ஒரு அலமாரிக்கு எத்தனை நாள் தட்டுவார்? அது முடிஞ்சுட்டா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அது போன வாரமே முடிஞ்சிடுச்சு அண்ணே. நான் கேட்டுக்கிட்டேன்னு, அந்த மனுஷன் தினம் வேலைக்குப் போயிட்டு வந்து வெறும் கட்டையைத் தட்டிக்கிட்டிருக்கார்."