சன்னாசிக்குத் தடித்த எழுத்து

தெமியாங் அச்சகத்தின் ஈய எழுத்துகள் மேல் மதிய வெயில் விழுகிறது. கோலா சாவா ரப்பர் தோட்டத்து முத்தாயி கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்திருக்கிறாள். மரத்தில் பால்வெட்டப் போன அவள் கணவன் சன்னாசியைப் பட்டாளத்தார் சுட்டுக் கொன்றுவிட்டு, பயங்கரவாதி என்று அறிவித்துவிட்டார்கள். அச்சுக்கோப்பவர் ஜார்ஜ் மெல்லிய எழுத்து, சாய்ந்த எழுத்து, தடித்த எழுத்து மூன்றும் உள்ள மாதிரித்தாளைக் காட்டுகிறார். "சாவுக்குச் சாய்ஞ்ச எழுத்துதான்மா அடக்கமா இருக்கும்." "அவரு எதுக்குங்க சாயணும்? பேருக்குக் கீழ 'பால்வெட்டுத் தொழிலாளி'ன்னு தடிச்ச எழுத்துல போடுங்க." "போலிஸ் கண்ணுல படும்லா." "படட்டும்." ஜார்ஜ் தடித்த எழுத்துப் பெட்டியை இழுக்கிறார். வழக்கமாக அடியில் பொடி எழுத்தில் வரும் 'அச்சிட்டவர்: ஜார்ஜ்' என்பதையும் அவர் அதே தடிப்பில் கோக்கிறார்.