அப்பா வீட்டுக் கதவு

அலுவலக மேசையில் சாய்த்து வைத்த கைப்பேசியின் செயலிக்குள், கதவு, விளக்கு, கேமரா என்று இரண்டு வீடுகளைக் கட்டி ஆள்கிறான் மகன். பதற்றத்தில் அவன் முதலில் திறந்தது தன் சொந்த வீட்டுக் கதவை. அங்கே யாருமே இல்லை. திறக்க வேண்டியது அப்பா வீட்டுக் கதவு. பேப்பர் எடுக்க வெளியே வந்தவரின் முதுகுக்குப் பின்னால் அது சமர்த்தாகத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். பாதுகாப்புக்கென்று அந்த எண்ணை அப்பாவின் போனுக்கு வரவைத்த மகா புத்திசாலியும் இவன்தான். போன் உள்ளே, சாப்பாட்டு மேசையில். வாசல் அழைப்புமணிக் கேமராவில் அப்பா, வெயிலுக்குப் பேப்பரைத் தலைமேல் பிடித்தபடி, "நம்பர் வந்துடுச்சாப்பா?" என்று அழைப்புமணியைப் பார்த்துக் கேட்கிறார். கூடத்துக் கேமராவில் போன் ஒளிர்ந்து அணைகிறது; எண் தெரியவில்லை. "இருங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்று படுக்கையறையிலிருந்து அம்மாவின் குரல். அவளுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. "அம்மா, எழுந்திரிக்காதே!" என்று கேமரா வழியே கத்துகிறான். "சும்மா இருடா. பத்தடிதானே." "உன்னைக் கும்பிடுறேன், உட்காரு! அப்பா, நீங்களாவது சொல்லுங்க!" "நான் சொல்லி அவ என்னைக்குடா கேட்டிருக்கா?" சிரிக்கப் பார்த்த அப்பா, முடியாமல், கதவில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். உள்ளே அம்மா பிடித்து நடக்கும் நடைச்சட்டம் தரையில் ஒருமுறை தட்டுகிறது. மூச்சு வாங்கி, இன்னொருமுறை. விளக்குகளுக்கு எண் தேவையில்லை. பட்டப்பகலில், அவள் வரும் வழியெங்கும், ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டே இருக்கிறான் மகன்.