நாலு பதினேழு

அறையில் மூன்று பேர்: ஜன்னலோரம் பெரியவர், அவருக்கு எதிரே புதிதாகச் சேர்ந்தவள், வாசல் நாற்காலியில் கூரியர்க்காரர். இயங்குதளம் கணினியின் கடிகாரச் சில்லோடு பேசும் விதத்தை விளக்கும் கையேட்டைப் பன்னிரண்டு வருடம் எழுதியவர் பெரியவர். இனி அட்டையில் அவள் பெயர். அவருக்கு வயிறு எரிந்தது.

“பேட்டரியைக் கழட்டினாலும் அலாரம் அடிக்கும்னு எழுதியிருக்கியேம்மா, காது குத்துறியா?”

“போர்டுல இருக்கிற மின்தேக்கி கொஞ்ச நேரம் தாங்கும் சார். அலாரம் நாலு பதினேழுக்கு வெச்சிருக்கேன். கேட்டுட்டுத் திட்டுங்க.”

அவர் காத்திருக்கவில்லை. மேசைமேல் இருந்த சோதனை போர்டின் மின்வயரைப் பிடுங்கினார், பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் எழுதுவது அத்தனையும் பொய் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி நீட்டினார்.

கூரியர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரசீதில் 4.17 என்று குறித்தார். மேசைமேல் போர்டு அடிக்கத் தொடங்கியது. கடிதம் படியிறங்கிப் போன பிறகும் அது ஓயவில்லை.