துரைசானியின் அல்சேஷன்

செம்பவாங் பங்களாப் புல்வெளியில் வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் கடற்படை முகாமை மூடுவதால் ஊருக்குக் கப்பலேறப் போகும் துரைசானி, இரண்டு நாய்களைப் பிடித்தபடி நிற்கிறாள். ஒன்றைத் தோட்டக்காரரான என் அப்பாவுக்குத் தருகிறாளாம். லாப்ரடோர் வாலால் மரப்பெட்டியைத் தட்டுகிறது. அல்சேஷன் சங்கிலியை அறுத்துவிடுவதுபோல் இழுக்கிறது. "லாப்ரடோரை எடுத்துக்கொள்ளச் சொல். அல்சேஷன் யார் பேச்சையும் கேட்காது. நாளைக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்," என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள். ஆறு வருடம் வாசலைக் காத்ததற்கு ஊசியா? பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவிடம் தமிழில் சொல்கிறேன். "சிட்! சிட்!" உட்காரச் சொல்லித் துரைசானி ஆங்கிலத்தில் அதட்ட அதட்ட அல்சேஷன் துள்ளுகிறது. அப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைக்கிறார். "டேய் கருப்பா, உக்காருடா." அல்சேஷன் பொத்தென்று புல்லில் உட்கார்ந்து, காதைத் தூக்கி அவரையே பார்க்கிறது.

"லாப்ரடோர்தான் சாதுங்கறாங்கப்பா."

"அத யாரு வேணும்னாலும் வாங்கிக்குவாங்க லா." அப்பா அல்சேஷனின் சங்கிலியை வாங்கிக்கொள்கிறார். "இவனுக்கு நம்ம பேச்சு மட்டுந்தாம்மா தெரியும்."

அதை அப்படியே, சத்தமாக, துரைசானியிடம் ஆங்கிலத்தில் சொல்கிறேன்.