எலிக்கு வைத்த சோறு

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கார் நிறுத்த ஒரே ஒரு சமதரைதான் உண்டு. மண்சரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயம் ஆட்களோடு புதைந்துபோன இடம் அது. மற்றபடி நல்ல வசதி.

கிருஷ்ணராஜ் தன் பழைய காரை அங்கேதான் விடுவான். எலிகள் வயரைக் கடித்துவிடும். மனைவி ஜீவராணிக்கு இது நிறைமாதம். வலி கண்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லை. என்ஜினுக்குள் பூச்சி உருண்டை வைத்தான், புகையிலை வைத்தான். எலிகள் அவற்றை ஒதுக்கிவிட்டு வயரைத் தின்றன.

"பசிச்சுத்தானே கடிக்குது. தள்ளி ஒரு தட்டு சோறு வைங்க," என்றாள் ஜீவராணி.

"எலிக்கும் நாந்தான் ஆக்கிப் போடணுமா?"

ஆனாலும் வைத்தான். அன்றிலிருந்து வயர் தப்பியது. காலையில் தட்டு காலியாக இருக்கும். கழுவியும் இருக்கும்.

"உங்களவிட ஒழுங்கான எலிங்க," என்று சிரித்தாள்.

மழையில் சோறு வைக்காமல் விட்ட ஒருநாள், வயர் மொத்தமும் போனது. பிறகு அவன் மறக்கவில்லை.

இன்று காலை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வேறு தட்டுகளும் இருந்தன. நசுங்கிய பழைய தகரத் தட்டுகள், சேறு காயாமல், பந்தி போட்டதுபோல் வரிசையாக. கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம்.

வீட்டுக்கு வந்து பெரிய பானையை அடுப்பில் ஏற்றினான்.

"யாருக்குங்க இவ்வளவு?"

"எலிக்குத்தான்."

ஜீவராணி வயிற்றைத் தடவியபடி பானையையே பார்த்தாள்.

"அப்ப கொஞ்சம் குழைய வடிங்க," என்றாள். "கீழ் லயத்துல சின்னப் பிள்ளைங்களும் இருந்துச்சே."