மிதவையில் இருந்த நம்பர்

மூன்று விசில்.

ஒன்று என்றால் திரும்பு. இரண்டு என்றால் கூடி நில். மூன்றை அவள் இந்த மூன்று வருடத்தில் கேட்டதே இல்லை.

நீந்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாள். நீலாங்கரை வெறும் கோடாகத் தெரிந்தது. சூரியன் பக்கம் திரும்பினாள்.

கறுப்பாக ஒரு முக்கோணம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனது.

"சுறா! எல்லாரும் மிதவையக் கழட்டி விடுங்க! அந்தக் கலரப் பாத்துதான் வரும்!"

பரசுராமன் சார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். நான்கு நாளாக நீச்சல் குரூப்பில் சுறா வீடியோவாக அனுப்பித் தள்ளியவர். அவர் சொல்வது சரியா தப்பா என்று யோசிக்க அங்கே யாருக்கு நேரம்? இடுப்புப் பட்டைகள் படபடவென்று அவிழ்ந்தன. அவரவர் பின்னால் இழுத்து வந்த ஆரஞ்சு மிதவைகள் அலையில் விலகிப் போயின.

நீந்த வந்தவர்கள் பதினான்கு பேர். அவிழ்ந்தவை பதின்மூன்று.

அவள் விரல் கொக்கியில் நின்றது.

மிதவைமேல் அவள் பெயர் இருந்தது. ரத்த வகை இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட வேண்டிய நம்பர் இருந்தது.

அவள் புருஷனுடையது.

சாப்பாட்டு மேஜையில் மிதவையை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மார்க்கரில் அவனே எழுதியது. "நீ காணாமப் போனா எனக்குத்தானடி போன் வரணும்" என்று சிரித்தான் அன்றைக்கு.

இப்போது அவன் வேளச்சேரியில். அவள் திருவான்மியூரில். பதினோரு மாதம் ஆகிறது. சண்டை ஓயவும் இல்லை, தொடரவும் இல்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது.

அவன் போன பிறகு கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாள். கேஸ் கனெக்‌ஷனைத் தன் பெயருக்கு மாற்றினாள். இந்த நம்பரை மட்டும் தொடவில்லை.

தொடவில்லை என்பதும் பொய். உப்புத் தண்ணீரில் எழுத்து மங்கும்போதெல்லாம் மார்க்கரை எடுத்து உட்காருவாள். அவன் போட்ட கோணல் ஏழின் மேலேயே, துளி பிசகாமல், மறுபடி இழுப்பாள்.

முக்கோணம் அவள் பக்கம் திரும்பியது.

கொக்கியைக் கழற்றி விட்டாள்.

அதன்பிறகு அவள் அடித்ததற்கு நீச்சல் என்று பெயர் கிடையாது.

கரையில் கோச் ரெஜினால்டு இரண்டு முறை தலை எண்ணினார். பதினான்கு. பரசுராமன் சார் மணலில் சாய்ந்து, முருகா முருகா என்று மூச்சு வாங்கினார். யாரோ டீக்குச் சொன்னார்கள். யாரோ அதற்குள் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுறாவைத் தேடவில்லை. ஆரஞ்சாக எங்கேயாவது ஒரு புள்ளி தெரிகிறதா என்று.

அரை மணி நேரம் கழித்து ஒரு ஃபைபர் போட் கரையேறியது. குப்பத்துத் தேசப்பன். தினமும் இவர்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே வலை போடப் போகிறவர்.

"இன்னா சார், இந்த வயசுல இம்மா வேகமா? அது புள்ளி போட்ட சுறா சார். பாக்கத்தான் பஸ்ஸு மாறி இருக்கும். பொடி மீனுதான் துன்னும். உன்னத் துன்னுட்டு அதுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பரசுராமன் சார் டீயை ஊதினார்.

தேசப்பன் போட்டுக்குள் குனிந்து ஒரு மிதவையைத் தூக்கினார்.

"ஆமா, எல்லாரும் இங்க கீறீங்க. அப்போ இது யாரோடது?"

அவள் கையை உயர்த்தினாள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

"நீயாம்மா அது? உசுரோடதான் கீறியா? ரொம்பத் தூரத்துல இது மட்டும் தனியா மெதந்துச்சும்மா. ஆளக் காணோம். நான் பயந்துபோய் இதுல கீற நம்பருக்கு அடிச்சி சொல்லிட்டேனேம்மா!"

சுறாவைப் பார்த்தபோது நிற்காத மூச்சு இப்போது நின்றது.

"எடுத்தாரா?"

"மொத ரிங்குலயே."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணியும் சொல்லலம்மா. போனக் கட்டும் பண்ணல. ஓடற சத்தம்தான் கேட்டுச்சு. மாடிப்படில எறங்கற மாறி."

அவள் கோச் வைத்திருந்த பையை நோக்கி ஓடினாள். எல்லோருடைய போனும் அதற்குள்தான் இருக்கும். ஜிப்பை இழுத்தாள்.

பத்தொன்பது மிஸ்டு கால்.

இருபதாவது அவள் கையிலேயே அதிர்ந்தது. பதினோரு மாதமாக அந்தத் திரையில் வராத பெயர்.

எடுத்து, இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்கு உயிர் வந்துவிடும். உயிர் வந்தவன் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவும் செய்யலாம்.

சொல்லாவிட்டால் நிச்சயம் வருவான்.

விரல் பச்சைப் பொத்தான்மேல் நின்றது. கொக்கியில் நின்ற அதே விரல்.

எடுத்தாள்.

"நான்தான். கரைலதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் ஆட்டோவின் இரைச்சல். அதற்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு ஆட்டோக்காரரின் குரல்.

"வீட்டம்மா கெடச்சிட்டாங்களா சார்? அப்போ வண்டியத் திருப்பிடவா?"

அவளுக்குப் பின்னால் கடல் பெரிதாக இரைந்தது. அவன் சொல்லப்போவது அதில் தப்பிவிடக் கூடாது. இன்னொரு காதை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

ஆட்டோ இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் சத்தம்.

இன்ஜின் அணைந்தது.

போனுக்குள்ளிருந்தும், மெல்ல, அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.