சைபர் வயது

"ஒரு வயசு ஆகாத குழந்தை ஒண்ணுகூடக் கணக்குல வரலேம்மா" என்றார் தேசிகன்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. சென்னையிலிருந்து வந்து இறங்கியவர், இதோ இருக்கிற ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ஜங்ஷனிலிருந்து நேரே ஆபீசுக்கு ஓடி வந்திருந்தார்.

கார்டில் ஓட்டை போட்டுக் கணக்கைப் பதிக்கும் பஞ்ச் மெஷினை ஜீனத் நிறுத்தினாள். அடுத்த மெஷினில் செல்வமேரியும் நிறுத்தினாள்.

தப்பு தன்னுடையதுதான் என்று அவரே சொல்லிவிட்டார். திருச்சியில் தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுத்த பிள்ளைகளின் வயது 0.75, 1.5, 2.25 என்று புள்ளி வைத்து வந்திருந்தது. சென்னைக் கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிய புரோகிராமுக்கோ முழு எண்தான் வேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுக் கார்டில் அடியுங்கள் என்று எழுதி அனுப்பினார். இவர்களும் மறுபேச்சு இல்லாமல் வெட்டினார்கள்.

ஒன்றரை ஒன்றானது. முக்கால் சைபரானது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வயது சைபர் என்றால் அது ஆளில்லாத வெற்றுக் கார்டு, தள்ளிவிடு என்றும் அந்தப் புரோகிராமில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. சோதனைக்கு அனுப்பிய கார்டுகளில் கைக்குழந்தைகள் அத்தனையையும் தள்ளிவிட்டது.

பிள்ளைகளுக்குக் கொடுக்க ஊருக்கு எத்தனை டின் பால்பவுடர் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பால் யாருக்கு முதலில் வேண்டுமோ அவர்கள்தான் அதில் இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷத்தில் கம்ப்யூட்டர் கிடைப்பது சாமானியமா? நாளைக் காலை ஒரே ஒரு தடவை ஓட்டத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் புரோகிராமில் கை வைத்தால் வேறு எங்கே இடிக்குமோ என்று எழுதினவருக்கே பயம். கார்டுகளைத்தான் மாற்ற முடியும். அதுவும் சாயங்கால ரயிலுக்குள்.

"சைபர் வயசுக் கார்டையெல்லாம் ஒண்ணுன்னு மாத்திடுங்கோ. கையோட எடுத்துண்டு போறேன். இன்னிக்கு விட்டா இந்த வருஷம் பால் கிடையாது."

விழுந்த ஓட்டையை மூட வழியில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுக் கார்டு சொருகி, பெயர், தெரு, தாயார் பெயர் எல்லாம் பழையதிலிருந்து அப்படியே ஏற்றி, வயதுக் கட்டத்தில் மட்டும் கையால் ஒன்று அடிக்க வேண்டும்.

கட்டுகளைப் பிரித்துக்கொண்டார்கள். காட்டூர்க் கட்டு செல்வமேரிக்குப் போனது. பாலக்கரைக் கட்டு ஜீனத்தின் மேஜைக்கு வந்தது.

செல்வமேரி சட்டென்று கையை நீட்டினாள். "பாலக்கரையை எங்கிட்ட குடுங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

"வேணாம் மேரி. நானே பண்றேன்."

செல்வமேரி இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். தேசிகன் நிற்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தேசிகனுக்குச் சுவர்க் கடிகாரத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கண்ணில் படவில்லை.

மெஷின்கள் தடதடத்தன.

மதுரைவீரன், தாயார் மாரியாயி. ஒன்று. ஷரபுன்னிசா, தாயார் கமருன்னிசா. ஒன்று. வீராயி பெற்ற பெண் குழந்தைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை போலிருக்கிறது. அதற்கும் ஒன்று.

ஒவ்வொரு கார்டு வெளியே வந்து விழும்போதும் ஜீனத்துக்கு ஒரு பிள்ளையைக் கையில் ஏந்திக் கொடுத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அவளுக்குக் கோபமாகவும் வந்தது. விரலில் அந்தக் கோபத்தைக் காட்டி வேகமாக அடித்தாள்.

வாசலில் ஜட்காக்காரன் குரல் கொடுத்தான். தேசிகன் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

கட்டு மெலியத் தொடங்கியதும் ஜீனத் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் நான்கைந்து கார்டுதான். மூன்று. அடுத்ததை எடுத்தவள் எடுத்தபடியே இருந்தாள்.

செல்வமேரியின் மெஷினும் நின்றுவிட்டது.

"ஏம்மா, என்ன ஆச்சு? நேரமாறது."

ஜீனத் புதுக் கார்டைச் சொருகினாள். விரலை ஒன்று என்ற பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அடித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரே ஒரு ஓட்டை. அழுத்திவிடத்தான் ஆசையாக இருந்தது, அப்படி ஒரு ஆசை.

விரலை எடுத்தாள். பழைய கார்டைப் பழையபடியே கட்டில் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த இரண்டையும் அடித்து முடித்தாள்.

"ஆச்சுங்க சார்."

தேசிகன் கட்டை வாங்கி நின்றபடியே விரலால் புரட்டினார். அவசரத்திலும் கண் தப்பவில்லை. ஒரு கார்டைப் பாதி உருவி எடுத்தார்.

"இது சைபராவே இருக்கே. விட்டுட்டேளே?"

"அது சரியாத்தாங்க சார் இருக்கு."

அவருக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நேரம் மன்றாடியது எதற்கு? கார்டை ஜன்னல் பக்கம் திருப்பி, மேல் விளிம்பில் பொடியாக விழுந்திருந்த எழுத்தைப் படித்தார். முகம்மது கனி. பாலக்கரை. தாயார், ஜீனத்.

அவர் நிமிர்ந்தார்.

"கணக்கெடுக்க வந்த அன்னிக்குப் பதினோரு மாசங்க" என்றாள் ஜீனத். "மறு வாரம் காய்ச்சல் வந்துச்சு. போயிட்டான். இதை மட்டும் கம்ப்யூட்டர் தள்ளட்டுங்க சார்."

செல்வமேரி எழுந்து வந்து அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜட்காக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். தேசிகன் அந்தக் கார்டை எடுத்த இடத்திலேயே செருகி, கட்டுக்கு நூல் சுற்றினார். முடிச்சுப் போட அவருக்கு வெகு நேரம் பிடித்தது.